நாள் பள்ளியா, ஞாயிறு பள்ளியா, கோடை முகாமா: அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை

யூதப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சமயமும் மொழியும் சொல்லித்தரும் வேலைக்கு எங்கே போகலாம் என்ற கேள்வி தமிழ் வாசகர்களிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மா தமிழ், அப்பா யூதர் என்ற வீட்டில் பிறந்து இப்போது கல்லூரியை முடிக்கப்போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். யூதரைக் கல்யாணம் செய்து மதம் மாறிய பெண்கள், ஊரில் படித்த பி.எட். வீணாகிறதே என்று கேட்கிறார்கள். "வீட்டுக்குப் பக்கத்து யூதப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள். நான் இந்து. விண்ணப்பிக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

நான் நியூஜெர்சியில் ஒரு யூத நாள் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். யூதர் இல்லை. காலையில் யூதர்களின் வேதமான தோரா நடக்கும் அறையிலேயே மதியத்துக்குப் பிறகு என் வகுப்பு. நான் உள்ளே நுழையும்போது பலகையில் பாதி ஹீப்ரு அழிக்கப்படாமல் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்ததும், ஞாயிறு பள்ளியிலும் கோடை முகாமிலும் பல காலம் வேலை பார்த்த சக ஆசிரியர்கள் சொல்லக் கேட்டதும்தான் இந்தக் கட்டுரைக்கு என்னிடம் உள்ள முதல்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லோரும் சம்பளத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் நேரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளை உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? அந்த நேரம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது? "பிள்ளைகளை ஈர்க்கத் தெரிந்தவர் தேவை" என்று எல்லா வேலை அறிவிப்பிலும் போடுகிறார்கள், ஏதோ அது ஆசிரியரின் கைராசி போல. கைராசி பாதிதான். மீதியைக் கால அட்டவணை தீர்மானிக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அதே பிள்ளையை ஐந்து நாளும் பார்ப்பவரையும், புதன்கிழமை மாலை நாலேகாலுக்குப் பசியோடு வரும் பிள்ளையைப் பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

நேரத்துக்கு அடுத்தபடியாக, உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. பிறகு, அந்த நிறுவனம் உங்களை யூதராகக் கணக்கில் எடுக்குமா என்பது. கடைசியாகச் சம்பளமும், சம்பளச் சீட்டில் தெரியாத செலவுகளும்.

| | நாள் பள்ளி | ஞாயிறு / மாலைப் பள்ளி | கோடை முகாம் |
|---|---|---|---|
| ஒரு பிள்ளையோடு வருடத்தில் கிடைக்கும் நேரம் | சமயப் பாடம் 2.5 மணி × 170 நாள் = 425 மணி | வாரம் 4 மணி × 30 வாரம் = 120 மணி; ஞாயிறு மட்டும் என்றால் 75 | 4 வாரத் தவணைக்கு 14 மணி × 28 நாள் = 392 மணி |
| பிள்ளை எப்படி வருகிறது | பள்ளிக்கூடம்தானே என்ற பழக்கத்தில் | களைத்துப்போய், பல நேரம் விருப்பமில்லாமல் | வருடம் முழுவதும் காத்திருந்து |
| ஆசிரியருக்கு வேண்டியது | ஹீப்ரு, மூல நூல்களில் நல்ல தேர்ச்சி | வழிபாட்டு ஹீப்ரு, பண்டிகைகள், நிறையப் பொறுமை | பாட்டு, விளையாட்டு, தூக்கமில்லாமல் சிரிக்கும் திறன் |
| வேலையின் வகை | முழுநேரம், பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டுடன் | மணிக்கணக்குச் சம்பளம் | தவணைக்கு ஒரு தொகை, சாப்பாடு, படுக்கை |
| முக்கிய மறைசெலவு | சட்டப் பாதுகாப்பு குறைவு. நீண்ட நாள் | தயாரிப்பு நேரத்துக்குக் காசில்லை | ஒரு முழுக் கோடை |

மணிக்கணக்கு என் உத்தேசம். இடத்துக்கு இடம் மாறும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். ஒரு மாத முகாம், மூன்று வருட ஞாயிறு பள்ளியைவிட அதிக நேரம் தருகிறது. முகாமில் பாதி நேரம் நீச்சல்தானே என்பார்கள். நீச்சலுக்குப் போகும் வழியில் பாடுகிற பாட்டும் கணக்கில் வரும் என்பதுதான் முகாம் நடத்துபவர்களின் பதில். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

## முதல் வாசல்: உங்களை யூதராக ஏற்பார்களா?

வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த வாசலைத் தாண்டாமலே முகாமா பள்ளியா என்று யோசிக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூதச் சட்டமான ஹலாகாவின்படி அம்மா யூதராக இருந்தால் பிள்ளை யூதர். பழைய விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ், நடுவழியில் போகும் கன்சர்வேடிவ் என்ற இரண்டு பிரிவும் அதைத்தான் பின்பற்றுகின்றன. விதிகளில் தாராளமான ரிஃபார்ம் பிரிவு 1983 இல் ஒரு தீர்மானம் போட்டது: பெற்றோரில் யாரேனும் ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூதராகவே வளர்க்கப்பட்டால் போதும். ஆக, அம்மா மதுரை, அப்பா பாஸ்டன் யூதர் என்றால், ரிஃபார்ம் ஜெப ஆலயத்தில் நீங்கள் யூதர். நாலு தெரு தள்ளியிருக்கும் ஆர்த்தடாக்ஸ் ஜெப ஆலயத்தில் இல்லை. மதம் மாறியவர்களுக்கும் இதே சிக்கல்தான். ரிஃபார்ம் ரபை (யூத மதகுரு) நடத்திய மதமாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் தரப்பு ஏற்பதில்லை.

இது வேலையில் நேரடியாக இடிக்கும். ஆர்த்தடாக்ஸ் நாள் பள்ளியில் சமயப் பாடம் நடத்தும் வேலை உங்களுக்குக் கிடைக்காது. கன்சர்வேடிவ் சார்ந்த பள்ளிகளில் கேள்வி எழும். எந்தப் பிரிவையும் சாராத சமூகப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ரிஃபார்ம் ஞாயிறு பள்ளியும் ரிஃபார்ம் முகாமும் திறந்தே இருக்கின்றன. நேர்காணலின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இதைத் தள்ளாதீர்கள். முதல் மின்னஞ்சலிலேயே "என் அப்பா யூதர், அம்மா யூதர் அல்ல, இந்தப் பணிக்கு அது தடையா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. மறைத்து, பிறகு தெரியவந்தால்தான் கசப்பு.

யூதர் அல்லாதவர்களுக்கு: பொதுப்பாடங்கள் நடத்தலாம். யூதச் சமூக மையங்கள் நடத்தும் மழலையர் பள்ளிகளிலும் பிற மதத்தவர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். சமயப் பாடத்துக்குச் சொந்த மதத்தவரையே தேர்ந்தெடுக்க 1964 ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் சமய நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. அதைப் பாகுபாடு என்று வழக்காட முடியாது. விசா பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: சமயப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசா வேண்டுமென்றால் அந்தச் சமயப் பிரிவில் குறைந்தது 2 வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்.

## நாள் பள்ளி

சமயப் பாடமும் பொதுப்பாடமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் முழுநேரப் பள்ளி இது. 2018-19 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 906 யூத நாள் பள்ளிகளில் சுமார் 2.92 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இந்த எண்ணைப் பார்த்து வேலை கொட்டிக்கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பான்மைப் பள்ளிகள் ஆர்த்தடாக்ஸ் பிரிவும், அதிலேயே இன்னும் கண்டிப்பான ஹசிடிக் பிரிவும் நடத்துபவை. பெரும்பகுதிப் பிள்ளைகள் நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். மேலே சொன்ன வாசலில் நின்றுவிட்டவர்களுக்கு மிஞ்சும் பள்ளிகள் மிகக் குறைவு.

இங்கே பிள்ளைகளை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்பதற்கு நான் அடிக்கடி பார்க்கும் ஒரு பாடம். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பாவா மெட்சியா பகுதி ஒரு வழக்கோடு தொடங்குகிறது. இரண்டு பேர் ஒரே மேலாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "நான்தான் கண்டெடுத்தேன், முழுக்க எனக்கு" என்று இருவரும் சொல்கிறார்கள். சக ஆசிரியை தன் சால்வையை எடுத்து இரண்டு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு முனையாகக் கொடுத்துவிடுவார். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மூலத்தைச் சத்தமாக வாசித்து வாதாட வேண்டும். இதற்கு ஹவ்ருதா என்று பெயர்; வகுப்பறை சந்தைக்கடைபோல் இரைந்தால்தான் பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். இருவரும் சத்தியம் செய்துவிட்டுப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பு. அடுத்த வழக்கு இன்னும் சுவை: ஒருவன் "முழுதும் என்னுடையது" என்கிறான், மற்றவன் "பாதி என்னுடையது" என்கிறான். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால்! ஏன்? பாதி யாருடையது என்பதில் சண்டையே இல்லை. சண்டை மிச்சப் பாதிக்குத்தான், அதைத்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். மதியம் நான் பின்னம் எடுக்கப் போனால் பிள்ளைகள் இன்னும் சால்வையை விடவில்லை. "மூன்று பேர் பிடித்திருந்தால்?" என்று ஒருத்தி கேட்கிறாள். அன்றைக்கு என் பாடத்திட்டம் மூடி வைக்கப்பட்டது.

இது அந்த ஆசிரியையின் திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் நாளைக் காலையும் அதே பிள்ளைகள் வருவார்கள் என்பதால்தான் வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு மணியடிக்க விடுகிறார். ஏழு நாள் இடைவெளி விழுந்தால் சால்வையும் மறந்துபோகும், வழக்கும் மறந்துபோகும்.

இனி செலவுகள். பள்ளி நாள் நீளமானது. இரண்டு பாடத்திட்டத்தை ஒரு நாளுக்குள் திணிக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று வரிசையாகப் பண்டிகைகள் விழுவதால் முழு வாரம் என்பதே அரிது. வகுப்பு ஒரு நிலைக்கு வர நவம்பர் ஆகிறது. உணவு விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான பள்ளிகளில் வீட்டில் சமைத்தது எதையும் உள்ளே கொண்டுவர முடியாது, நம்முடைய சுத்த சைவத் தயிர்சாதம்கூட. கோஷர் முத்திரை போட்ட பொட்டலம்தான்.

சின்னப் பிள்ளைகளைவிட வளர்ந்த பிள்ளைகள் கடினம். தினமும் கட்டாயமாக வழிபாடு என்றால் பதின்மூன்று வயதில் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். உயர்நிலை வகுப்பில் கல்லூரி நுழைவுக்கான பாடங்கள் வந்து சமயப் பாடத்தை ஓரம் கட்டும். ஆர்த்தடாக்ஸ் அல்லாத பள்ளிகளில் கட்டணம் வருடத்துக்கு 30,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அவ்வளவு கட்டும் பெற்றோர் எப்படிப் பேசுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகள் கட்டணச் சலுகை தருகின்றன. உங்களுக்குப் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் சம்பளத்தைவிட அந்தச் சலுகைதான் பெரிய தொகை.

யாரும் சொல்லாத செலவு சட்டத்தில் இருக்கிறது. சமயப் பணி செய்பவரை நியமிப்பதிலும் நீக்குவதிலும் நீதிமன்றம் தலையிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012 இல் சொன்னது. 2020 இல் இரண்டு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகளின் வழக்கில் அதை இன்னும் விரித்தது. இந்த இரண்டு தீர்ப்புக்கும் நடுவில், மில்வாக்கியில் ஒரு யூத நாள் பள்ளி வேலையை விட்டு நீக்கிய ஹீப்ரு ஆசிரியை, உடல்நலக் குறைபாட்டை முன்னிட்டுப் பாகுபாடு காட்டினார்கள் என்று வழக்குப் போட்டார். அவர் செய்தது சமயப் பணி என்று சொல்லி 2018 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை. வயது, நோய், இனம் என்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டால் பொதுப்பள்ளி ஆசிரியருக்கு இருக்கும் பாதுகாப்பு உங்களுக்கு இருக்காது. கணக்கு நடத்தும் என் நிலை வேறு. தோரா நடத்தும் பக்கத்து அறைக்காரர் நிலை வேறு. பணி ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம், ஈட்டுத்தொகை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்சிக்கு வழி இருக்கிறது: நியூயார்க்கில் யூத இறையியல் கல்லூரியின் டேவிட்சன் கல்விப் பள்ளி, யெஷிவா பல்கலைக்கழகத்தின் அஸ்ரியேலி கல்விப் பள்ளி, ஜெருசலேமில் பார்தெஸ். உதவித்தொகை கிடைத்தால் ஒழிய கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

## ஞாயிறு பள்ளி, மாலைப் பள்ளி

பொதுப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஜெப ஆலயங்கள் நடத்தும் பகுதிநேரப் பள்ளி இது. எல்லோரும் இதைத் தொடக்கநிலை வேலை என்று நினைக்கிறார்கள். கல்லூரி மாணவர்களை, ஓய்வுபெற்றவர்களை, பிள்ளைகளின் அம்மாக்களைக் கூப்பிட்டு வகுப்பில் நிறுத்துகிறார்கள். உண்மையில் மூன்றிலும் கடினமான கற்பித்தல் இதுதான் என்பது என் கட்சி.

1838 இல் பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண் முதல் ஹீப்ரு ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைப் பார்த்துச் செய்தது. சொல்லித்தந்தவர்கள் ஊதியமில்லாத பெண்கள். 1910 இல் நியூயார்க்கில் யூதக் கல்விக்கென ஓர் அலுவலகம் ஏற்படுத்தி அதன் தலைமைக்கு சாம்சன் பெண்டர்லியைக் கொண்டுவந்தார்கள். மருத்துவம் படித்துவிட்டுக் கல்விக்கு வந்தவர். பொதுப்பள்ளி முடிந்த பிறகு, வாரத்தில் பல மாலைகள், ஹீப்ருவை ஹீப்ருவிலேயே சொல்லித்தரும் பள்ளிகளைக் கட்ட நினைத்தார். குடும்பங்கள் நகரத்தைவிட்டுப் புறநகருக்கு நகர, மாலைகள் குறைந்தன. இன்றைக்குப் பெரும்பாலான இடங்களில் ஞாயிறு காலையும் ஒரு மாலையும்தான் மிச்சம். 2006-07 இல் குறைந்தது 2.3 லட்சம் பிள்ளைகள் இப்பள்ளிகளில் இருந்தார்கள் என்றது ஒரு கணக்கெடுப்பு. அதன்பின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்துவிட்டது.

அந்த ஒரு மாலையைப் பாருங்கள். பிள்ளை காலை எட்டு மணியிலிருந்து ஒரு பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வருகிறது. வெளியே நண்பர்கள் கால்பந்து ஆடுகிறார்கள். உள்ளே, வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. உயிர்க்குறிகள் எழுத்துக்கு அடியில் புள்ளியும் கோடுமாக. மூன்று வருடத்தில் இந்தப் பிள்ளை வழிபாட்டுப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கும். வாசிப்பதற்குப் பொருள் தெரியாது. குறி முழுவதும் பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா, பெண் என்றால் பாத் மிட்ஸ்வா மேடை. அன்று தோராவில் ஒரு பகுதியை எல்லோர் முன்னாலும் பாட வேண்டும். பாடி முடித்து, விருந்து முடித்து, பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குள் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தருபவர்களுக்கு இதில் எதையும் நான் விளக்க வேண்டியிருக்காது. நமக்கு அந்த மேடைகூட இல்லை.

இந்த வேலையில் நன்றாக நிற்கும் ஆசிரியர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். ஒன்று, முதல் பத்து நிமிடம் சாப்பாடு. பாடத்தைத் தொடங்கிவிட்டுப் பிள்ளையின் பசியோடு சண்டை போடுவதில்லை. பிறகு நாற்காலிகளை ஓரம் தள்ளி, தரையில் ஒட்டுநாடாவால் பெரிய எழுத்துகளைப் போட்டு, ஆசிரியர் ஒலியைச் சொன்னால் பிள்ளை அந்த எழுத்தின்மேல் குதிக்க வேண்டும். பார்த்தால் விளையாட்டு, ஆனால் "பெத்" எழுத்துக்கும் "வெத்" எழுத்துக்கும் நடுவில் உள்ள ஒரு புள்ளி வித்தியாசம் காலில் ஏறிவிடுகிறது. இரண்டாவது, எல்லாவற்றையும் நடத்த ஆசைப்படுவதில்லை. ஹீப்ரு, பைபிள், வரலாறு, இஸ்ரேல், பண்டிகை, ஒழுக்கம் என்று ஆறு தலைப்பை 75 மணிக்குள் போட்டுக் குலுக்கினால் எதுவும் தங்காது. கொரோனாவுக்குப் பிறகு பல பள்ளிகள் ஹீப்ரு வாசிப்பைக் காணொளியில் ஆளுக்கு அரைமணி என்று தனியாக்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கும் சமையலுக்கும் கதைக்கும் காலியாகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த உருப்படியான மாற்றங்களில் இதுவும் ஒன்று. நேர்காணலில் "ஹீப்ருவை எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், பதிலிலேயே அந்தப் பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

சம்பளம் வகுப்பு மணிக்கு மட்டும். இரண்டு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் தயாரித்தால் உங்கள் மணிச் சம்பளம் பாதி. இதை வாழ்வாதாரமாக வைத்தால் மூன்று ஜெப ஆலயங்களுக்கு நடுவில் கார் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறு வேலையோ, சம்பாதிக்கும் துணையோ இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும். பள்ளியின் கல்வி இயக்குநர் பதவி பெரும்பாலும் முழுநேரம். அதைக் குறிவைத்துப் போனால் கதை வேறு. ஒரு நல்ல பக்கமும் உண்டு: பாடத்திட்டம் இறுக்கமாக இல்லாததால் நீங்கள் நினைத்ததைச் செய்து பார்க்கலாம். நாள் பள்ளியில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

## கோடை முகாம்

1940களில் பென்சில்வேனியா மலைப்பகுதியில் ஹீப்ரு மட்டுமே பேசும் மஸ்ஸாத் முகாம், 1947 இல் விஸ்கான்சினின் கோனோவரில் கன்சர்வேடிவ் பிரிவின் முதல் ரமா முகாம், 1952 இல் அதே விஸ்கான்சினில் ஒகோனோமோவோக்கில் ரிஃபார்ம் பிரிவின் முகாம். இன்று மரங்களுக்கு நடுவில், ஏரிக்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட யூதத் தங்கல் முகாம்கள் உண்டு. வகுப்பறை கிடையாது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாலும், குடிலுக்குப் போனாலும் அதற்கான ஹீப்ருப் பெயரைத்தான் சொல்வார்கள். பிள்ளைக்கு அது பாடம் என்றே தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் நன்றிப் பாட்டு, அதில் குறிப்பிட்ட இடத்தில் நூறு கைகள் மேசையை ஒரே நேரத்தில் தட்டும். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் வெள்ளை உடை. சனிக்கிழமை இருட்டியதும் பின்னல் மெழுகுவர்த்தியும் வாசனைப் பொருளும் வைத்து, வார ஓய்வு நாளான ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தலா. அப்போது பதினோரு வயதுப் பையன் தோழன் தோளில் கைபோட்டுப் பாடுவான். அதே பையனை டிசம்பர் மாதம் ஜெப ஆலயத்தில் பாடச் சொல்லிப் பாருங்கள்.

முகாமில் மட்டும் ஏன் பாடுகிறான்? ஒன்று, சொல்லித்தருபவர் வயது இருபது. பிள்ளைக்கு அவர்போல் ஆக ஆசை. இரண்டு, பெற்றோர் அங்கே இல்லை. மூன்று, ஒரே ஒரு வழிதான் அங்கே இயல்பு, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் பாதி வேலை தானாக நடக்கும். யூத முகாம்களுக்கான அறக்கட்டளை 2011 இல் வெளியிட்ட ஆய்வு, முகாமுக்குப் போனவர்கள் பெரியவர்களான பிறகு யூத வாழ்க்கையில் அதிகம் ஒட்டியிருக்கிறார்கள் என்றது. ஆய்வை முகாம்களுக்கு ஆதரவான அமைப்பே செய்தது என்பதையும், பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் வீடு ஏற்கெனவே ஓரளவு ஒட்டிய வீடு என்பதையும் சேர்த்துத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

பணத்தில் மிகவும் மெலிந்த வேலை இதுதான். வருடத்தில் 7 மாதத்துக்கு மேல் இயங்காத பருவகால நிறுவனங்களுக்குக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கையில் வரும் தொகையை விழித்திருந்த மணியால் வகுக்காதீர்கள், மனசு கெட்டுவிடும். வீட்டு ஏக்கத்தில் அழும் பிள்ளை, படுக்கை நனைக்கும் பிள்ளை, நள்ளிரவில் காய்ச்சல்: எல்லாம் உங்கள் குடிலில். கல்லூரி மாணவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. நண்பர்கள் அந்தக் கோடையில் அலுவலகப் பயிற்சிக்குப் போய் அடுத்த வருட வேலையைப் பிடித்திருப்பார்கள். முகாமில் வருடம் முழுவதும் சம்பளம் வாங்கும் பதவிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இந்தியாவிலிருந்து வருவதென்றால் முகாம் ஆலோசகருக்கான ஜே-1 விசா 4 மாதம்தான்.

## மற்ற வழிகள், சுருக்கமாக

பார் மிட்ஸ்வாவுக்குத் தோரா ராகம் சொல்லித்தரும் தனிப்பயிற்சி: மணிக்கு நல்ல காசு, காணொளியிலும் செய்யலாம், ஆனால் ராகக் குறிகள் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். சங்கீதம் படித்த தமிழ்க் காது இதை வேகமாகப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இளைஞர் அமைப்புகள்: 1924 இல் ஒமாஹாவில் பையன்களுக்காகத் தொடங்கி இன்று பி.பி.ஒய்.ஓ. என்று வளர்ந்திருப்பது போன்றவை. பதின்வயதினரோடு ஒத்துப்போகிறவர்களுக்கு ஏற்றது. மாலையும் வார இறுதியும் உங்களுடையதாக இருக்காது. மழலையர் பள்ளி: யூதர் அல்லாதவர்களுக்கு எளிதான வாசல். எழுத்தின்மேல் தேன் தடவி நாக்கில் ருசிக்க வைக்கும் பழைய வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் நாளில் நம்மவர்களுக்கு விஜயதசமி நினைவு வராமல் இருக்காது.

## மூன்றுக்கும் பொதுவான இரண்டு பாரங்கள்

27 அக்டோபர் 2018 அன்று பிட்ஸ்பர்க்கில் ஷபாத் காலை வழிபாட்டில் 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன்பிறகு எங்கே போனாலும் வாசலில் காவலர், பூட்டிய கதவு, பிள்ளைகளைச் சத்தமில்லாமல் மூலையில் உட்கார வைக்கும் ஒத்திகை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஒத்திகையை எப்படிச் சொல்வது என்பதும் உங்கள் பாடத்தில் சேரும்.

மற்றது இஸ்ரேல். ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 7 அக்டோபர் 2023 க்குப் பிறகு ஒரே வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் உங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவார்கள். ஆசிரியர் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று நிறுவனத்திடம் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். "சூழ்நிலையைப் பொறுத்து" என்று பதில் வந்தால், பிரச்சினை வரும்போது நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

## யாருக்கு எது

இருபது வயதை ஒட்டியவர், கடனில்லை, இது நமக்கு ஒத்துவருமா என்றே தெரியவில்லை: முகாம். இரண்டு கோடை போதும். பிள்ளைகளோடு ஒத்துப்போகிறதா என்பதை வேறு எந்த இடமும் இவ்வளவு சீக்கிரம் காட்டாது. அப்பா மட்டும் யூதர் என்றால் ரிஃபார்ம் முகாமைப் பாருங்கள். அங்கே உங்கள் பிறப்பு ஒரு கேள்வியே இல்லை.

பி.எட். படித்த, மதம் மாறிய பெண்: நீங்கள் சேர்ந்திருக்கும் ஜெப ஆலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஒரு வருடம் எடுங்கள், சம்பளத்துக்காக அல்ல. ஹீப்ருவும் பண்டிகைச் சுழற்சியும் கையில் வரட்டும். இந்த வேலையை முதல் படி என்று நான் சொல்லவில்லை. மூன்றிலும் கடினம் என்றேன். ஆனால் வகுப்பு நடத்திப் பழகியவருக்கு அந்தக் கடினத்தில் பாதி ஏற்கெனவே கடந்துபோன ஒன்று. வகுப்பே நடத்தாத இருபது வயதுக்காரரை அங்கே நிறுத்துவதுதான் இந்தத் துறை தனக்குத்தானே செய்துகொள்ளும் கெடுதல்.

ஹீப்ரு நன்றாகத் தெரியும், மூல நூலோடு மல்லுக்கட்டப் பிடிக்கும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்: நாள் பள்ளி. தயங்க வேண்டாம். ஹீப்ரு தெரியாமல் "போய்க் கற்றுக்கொள்ளலாம்" என்று மட்டும் போகாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உங்கள் உச்சரிப்பைத் திருத்தும். ஒரு முறை திருத்திவிட்டால் அந்த வருடம் முழுவதும் அதுதான் நடக்கும்.

இந்து, அறிவியலோ கணக்கோ நடத்துபவர்: நாள் பள்ளியின் பொதுப்பாடம். பண்டிகை விடுமுறை ஏராளம், பிள்ளைகள் கேள்வி கேட்கப் பழகியவர்கள், மதிய உணவு மட்டும் கொஞ்சம் சலிக்கும்.

ஆள் எடுக்கும் பருவம் இடத்துக்கு இடம் வேறு. முகாம்கள் அடுத்த கோடைக்கு இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்கிவிடும். நாள் பள்ளிகளின் முக்கிய நேர்காணல்கள் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். ஞாயிறு பள்ளிகள் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருக்கும். சம்பளம் பேச அதைவிட நல்ல வாரம் கிடைக்காது.